மே, ஷேல், பார்க்கலாம்

சித்தேரி மலைமேல் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அரூருக்குத் திரும்பும் பஸ் எப்போது வரும் என்று கேட்டேன்.

"வரும் சார்."

"எத்தனை மணிக்கு?"

"மூணுக்குள்ள வரலாம்."

"கட்டாயம் வந்துடுமா?"

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "வரணும்."

மூன்று பதில்களும் எதிர்காலம்தான். ஆனால் 'வரும்' என்பது பஸ்ஸின் சுபாவம், 'வரலாம்' என்பது பஸ்ஸின் சௌகரியம், 'வரணும்' என்பது பஸ்ஸின் கடமை. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் அவர் பிரித்துக் காட்டிய இந்த வித்தியாசத்தை இந்திய நாடாளுமன்றம் பிரித்துப் பார்த்து முடிக்க, 1963 ஏப்ரலில் தொடங்கி 1967 டிசம்பர் வரை ஆயிற்று. நடுவில் இரண்டு பிரதமர்கள் காலமாகி, ஒரு சட்டம் எரிந்து, ஒரு மாநிலத்தில் ஆட்சியே மாறியது. அத்தனையும் ஒரு ஆங்கிலத் துணைவினைக்காக. சேதி தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

முதலில் ஒரு ரகசியம். ஆங்கிலத்துக்கு எதிர்காலம் கிடையாது. இதை மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். நான் சொல்வது வெறும் இலக்கணம். நாம் வினைச்சொல்லின் வயிற்றுக்குள்ளேயே காலத்தைச் செருகிவிடுகிறோம்: செய்தான், செய்கிறான், செய்வான். ஆங்கில வினைக்கு நேற்றைக்கு ஒரு வடிவம் உண்டு, இன்றைக்கு ஒன்று உண்டு. நாளைக்கு என்று வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அப்படி வாங்கி வந்த சொற்கள்தான் வில், ஷேல், மே எல்லாம். 'வில்' பழைய ஆங்கிலத்தில் 'விரும்புகிறேன்'. 'மே' என்பது 'எனக்குத் தெம்பிருக்கிறது'. 'ஷேல்' என்பது 'கடன்பட்டிருக்கிறேன்'. ஆசை, தெம்பு, கடன் ஆகிய மூன்று துணியை ஒட்டுப்போட்டு வெள்ளைக்காரன் தனக்கொரு நாளையைத் தைத்துக்கொண்டான்.

கடன் என்றதும் தமிழனுக்குக் காது நிமிர வேண்டும். நம்மிடமும் கடனும் கடமையும் ஒரு வேர்தான். அதே வேரில் முளைத்த 'கடவது', பழைய சட்டத் தமிழிலும் வேதாகமத் தமிழிலும் ஷேலுக்குச் சமமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுப் புராணப் படங்களில் சேர்ந்தது. முனிவர் கமண்டலத்துத் தண்ணீரைத் தெளித்து "கல்லாகக் கடவாய்" என்பார். அடுத்த ஷாட்டில் கல். அதுதான் அசல் ஷேல். "நீ கல்லாகலாம்" என்று எந்த முனிவரும் சபித்ததில்லை. சபித்திருந்தால் எதிரே நிற்பவன் "பார்க்கலாம் சாமி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பான்.

இந்தச் சொற்களுக்குப் பாத்தி கட்டியவர் ஜான் வாலிஸ். 1653-ல் ஆங்கில இலக்கணம் எழுதினார், லத்தீனில். (ஆங்கிலம் அப்போது அவ்வளவு கௌரவமான மொழி.) மனிதர் அடிப்படையில் கணக்கு வாத்தியார், உள்நாட்டுப் போரில் எதிரிகளின் ரகசியக் கடிதங்களை உடைத்துப் படித்துக் கொடுத்தவர், முடிவிலிக்கு எட்டைப் படுக்கவைத்த மாதிரி ஒரு குறி போடுகிறோமே, அதைக் கொண்டுவந்தவரும் அவரே. இப்படிப்பட்டவர் இலக்கணம் எழுதினால் எப்படி இருக்கும்? 'நான்' என்பதோடு ஷேல் சேர்ந்தால் வெறும் தகவல்; வில் சேர்ந்தால் சபதம் அல்லது மிரட்டல். 'நீ', 'அவன்' என்பவற்றோடு வில் சேர்ந்தால் தகவல். ஷேல் சேர்ந்தால் சபதம் அல்லது மிரட்டல். சங்கேத எழுத்தை உடைத்தே பழகியவர், போகிற போக்கில் தானும் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போனார்.

முந்நூறு வருஷம் கழித்து அந்தப் பூட்டு எங்கள் தலையில் விழுந்தது. மலையடிவாரத்தில் நான் படித்த பள்ளிக்கு அது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வழியாக வந்தது. ரென் பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் இருந்த வெள்ளைக்காரர். பாலைவனம், துப்பாக்கி, பிரெஞ்சுக் கூலிப்படை என்று சாகச நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர். அவர் செய்த சாகசங்களில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஷேலையும் வில்லையும் விளக்கத் துணிந்ததே பெரியது என்பது என் கட்சி.

எங்கள் ஆங்கில வாத்தியார் அதை விளக்க, இங்கிலீஷ்காரர்கள் அயர்லாந்துக்காரனைக் கேலி செய்யும் பழைய துணுக்கு ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். தண்ணீரில் விழுந்த அயர்லாந்துக்காரன் 'மூழ்கப்போகிறேனே, காப்பாற்ற ஆளில்லையே' என்று கத்த நினைத்து, வில்லையும் ஷேலையும் இடம் மாற்றிவிடுகிறான். 'நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று அர்த்தமாகிவிடுகிறது. கரையில் நின்ற இங்கிலீஷ்காரன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போய்விடுகிறான். வாத்தியார் அயர்லாந்தை எங்கே தேடுவார்? சித்தேரி என்றாலே சிறிய ஏரிதானே. ஆளை அதில் தள்ளிவிட்டார். பின் பெஞ்சு மலைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், அவன் தமிழ்ல கத்தியிருக்கலாமே?" இத்தனை வருஷத்தில் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் என் காதில் விழவில்லை.

உண்மையில் சித்தேரிக்கு ஷேல் பள்ளிக்கூடம் வழியாக வரவில்லை. 1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்தோடு வந்தது. காப்புக்காட்டில் தீ மூட்டியவன், மரம் வெட்டியவன், மாடு மேய்த்தவன் எல்லாரும் தண்டிக்கப்படுவார்கள். இங்கே ஷேல். அதிகாரியோ பிடிக்கலாம், பறிமுதல் செய்யலாம். இங்கே மே. இந்த மலைகளில் சாமையும் தேனும் கடுக்காயும் பார்த்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்று பொருள்) ஆங்கில எழுத்து தெரியாமலே ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள்: மே மேலே இருப்பவனுக்கு, ஷேல் கீழே இருப்பவனுக்கு. இதே மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அங்கே வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் போய்ச் செய்ததை, 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் என்று தீர்ப்பளித்ததை, இந்தக் கட்டுரையின் குரலில் எழுத எனக்கு வாய் வராது. நகர்கிறேன்.

1949 செப்டம்பர் 14. அரசியல் நிர்ணய சபையில் மொழிச் சண்டை முடிந்து ஒரு சமரசம் எட்டப்பட்டது. சமரசத்தின் தகப்பன்மார் இருவர்: குஜராத்தி நாவலாசிரியர் கே.எம். முன்ஷி, நம்மூர் கோபாலசாமி ஐயங்கார். அவர்கள் கட்டிய 343-ஆம் பிரிவை இலக்கணக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். ஆட்சிமொழி இந்தி, அங்கே ஷேல், காலவரையறை இல்லை. ஆங்கிலம் தொடரும், அங்கேயும் ஷேல், ஆனால் பதினைந்து வருஷத்துக்கு. அதற்கப்புறமும் ஆங்கிலம் வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக்கொள்ளலாம், இப்போது மே. அதாவது மூத்த பெண்டாட்டிக்குப் பட்டா, இளையவளுக்குப் பதினைந்து வருஷக் குத்தகை, அப்புறம் பார்க்கலாம்.

குத்தகை 1965 ஜனவரி 26-ல் முடிய வேண்டும். நாள் நெருங்க நெருங்கத் தெற்கே வயிறு கலங்கியது. 1959-ல் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று மக்களவையில் வாக்குக் கொடுத்தார். நல்ல வாக்கு. வாயால் கொடுத்த வாக்கு. அதைச் சட்டமாக எழுதும் வேலை 1963-ல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியின் மேஜைக்கு வந்தது. வந்த மசோதாவின் 3-ஆம் பிரிவில், இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட 'மே' என்று இருந்தது.

மே! எங்கள் மலையில் அந்தச் சொல்லை ஆடுகள் விடிந்ததிலிருந்து சொல்கின்றன. அவற்றுக்கும் அது கோரிக்கைதான், உத்தரவாதம் இல்லை.

அண்ணாதுரை அப்போது மாநிலங்களவையில் இருந்தார். ஆட்டுக்குத் தாடி எதற்கு என்று கேட்டுக் கவர்னர் பதவியையே கேலி செய்தவர். மே என்றால் விடுவாரா? அவரும் திமுகவும் கேட்டது ஒன்றுதான்: இந்த 'மே'யை எடுத்துவிட்டு 'ஷேல்' போடுங்கள். 'பயன்படுத்தலாம்' என்றால் 'பயன்படுத்தாமலும் இருக்கலாம்' என்று நாளைக்கு ஒருவர் வந்து படிப்பார். நேரு அந்த ஏப்ரலில் சமாதானம் சொன்னார்: இந்த இடத்தில் மே என்றாலும் ஷேல் என்றுதான் அர்த்தம். இரண்டும் ஒன்றுதானே, அப்படியானால் ஷேல் என்றே எழுதிவிடுங்களேன் என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டருக்கும் காஞ்சிபுரத்து எம்.ஏ.வுக்கும் நடந்த இங்கிலீஷ் பரீட்சையில் யார் பாஸ் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நேருவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் புளுகவில்லை. நீதிமன்றங்களில் இந்தச் சொற்கள் சட்டை மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். 1957-ல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க 'ஷேல்' என்று அரசியல் சட்டத்திலேயே இருந்தாலும், ஆலோசிக்காததால் உத்தரவு செல்லாமல் போகாது என்றது. 1963-ல் ஜோகேந்திர சிங் வழக்கில், ஒரு விதியில் 'மே' என்று இருந்தாலும் அதைக் கட்டாயம் என்றே படிக்க வேண்டும் என்றது. இரண்டும் உத்தரப் பிரதேச அரசு தரப்பாக இருந்த வழக்குகள். நேருவும் சாஸ்திரியும் அதே மாநிலத்துக்காரர்கள். அந்தக் கங்கைக் கரைத் தண்ணீருக்கு மே தடித்துவிடுகிறது, ஷேல் இளைத்துவிடுகிறது.

ஆனால் தமிழனுக்கு இந்த வழக்குகள் எதுவும் தேவைப்படவில்லை. அவன் பிறந்ததிலிருந்து 'லாம்' என்ற விகுதியோடு குடித்தனம் நடத்துகிறவன். 'செய்யல் ஆம்' என்பதுதான் தேய்ந்து 'செய்யலாம்' ஆனது. அந்த ஒன்றே அனுமதி, வாய்ப்பு, அழைப்பு, சந்தேகம் நான்கும் ஆகும். 'போகலாம்' என்றால் உனக்குத் தடையில்லை, ஒருவேளை போகக்கூடும், வா கிளம்புவோம், எதுவாகவும் இருக்கலாம். (பாருங்கள், இங்கேயே ஒரு லாம்.) அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 'பார்க்கலாம்'. பெண் பார்த்துவிட்டு எழுந்த மாப்பிள்ளை வீட்டார் 'பார்க்கலாம்' என்றால், பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துப் போகும்போதே பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஒரு சான்றிதழுக்காக நான் ஏறி இறங்கிய அலுவலகத்தில் இரண்டு வருஷம் கேட்ட ஒரே வினைச்சொல் அதுதான். பெயர் வேண்டாம், எந்த அலுவலகத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இப்படிப்பட்ட ஜனங்களிடம் 'மே' என்று எழுதி நீட்டினால் அவர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டுவார்களா, எழுத்தரின் முகத்தை நினைப்பார்களா?

கேட்டதும் பெரிய விஷயமில்லை. ஷேலின் பழைய பொருள் கடன் என்றேனே. ஊரில் கைமாற்று கேட்பவர் நாணயஸ்தராகவே இருந்தாலும், "ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துடுங்க" என்றால் "என்னை நம்பலையா?" என்று முகம் சுருங்கும். உங்களை நம்புகிறோம், உங்கள் வாரிசை எங்களுக்குத் தெரியாதே என்பதுதான் கொடுத்தவன் மனதில் ஓடும். டெல்லியில் அந்தச் சீட்டு எழுதப்படவில்லை. மக்களவையில் மசோதா ஏப்ரல் 27 அன்று ஒரு சொல் மாறாமல் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த தேதி மே 10. அடுத்த வருஷம் நேரு காலமானது மே 27. அந்தச் சொல்லுக்கு நம்மீது என்ன கோபமோ.

1963 நவம்பரில் அண்ணா, அரசியல் சட்டத்தின் பதினேழாம் பகுதியைக் கொளுத்தப் புறப்பட்டுச் சிறைக்குப் போனார். தாள் எரிவதோடு நிற்கவில்லை. 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தன்னையே எரித்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் மேலும் சிலர். துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள். இலக்கணம் பேசிச் சிரித்துக்கொண்டு வந்த எனக்கு இந்த இடத்தில் பேனா நிற்கிறது, நிற்கட்டும்.

1965 ஜனவரியில் சித்தேரி தர்மபுரி மாவட்டத்தில் இல்லை. தர்மபுரி மாவட்டமே இல்லை. அது பிறந்தது அந்த வருஷம் அக்டோபர் 2. அதுவரை எல்லாம் சேலம். இந்தப் பழைய சேலம் ஜில்லா இந்தச் சண்டைக்கு ஆள் சப்ளை செய்த இடம். ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய ராஜாஜி, மதராஸ் மாகாணப் பிரதமராக இருந்து இந்தியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர். வயதான காலத்தில் ஆங்கிலம்தான் வேண்டும், இந்தி வேண்டாம் என்று நின்றதும் அவரே. ஒரே ஆயுளில் இரண்டு எதிர்காலம் பார்த்தவர். குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன், 1955-ல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உட்கார்ந்து, மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குறிப்பு எழுதிவிட்டு வந்தார். ஜில்லாவின் தண்ணீர் அப்படி.

1965 பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா செய்தார்கள். அதை ஏற்கும்படி சாஸ்திரி சொல்ல, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை. இறந்தகாலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம் எதிர்காலத்துக்கு ஒத்திப்போடப்பட்டது. சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்கைக் காப்பாற்றுவோம் என்றார். மறுபடியும் வாய்வார்த்தை, இந்தத் தடவை ரேடியோ வழியாக.

1967-ல் திமுக கோட்டைக்கு வந்த பிறகுதான் டெல்லிக்குப் பேனா கிடைத்தது. டிசம்பரில் திருத்தம் நிறைவேறியது. அதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அந்த 'மே'யை நீக்கவில்லை. சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், 3-ஆம் பிரிவின் தொடக்கத்தில் இன்றைக்கும் அது நிற்கிறது. அதைச் சுற்றி ஷேல்களை நட்டார்கள். இந்தியை ஏற்காத மாநிலங்களோடு கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம்: ஷேல். தீர்மானம், பொது உத்தரவு, அறிவிக்கை எல்லாம் இரண்டு மொழியிலும்: ஷேல். இந்த ஏற்பாட்டை நிறுத்த வேண்டுமானால் இந்தியை ஏற்காத ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தீர்மானம் போட வேண்டும், பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போட வேண்டும். அதுவரை அமலில் இருக்க ஷேல். ஆட்டை விரட்டாமல் பட்டி கட்டி அடைத்துவிட்டார்கள். பதினைந்து வருஷக் குத்தகை, ஜான் வாலிஸின் படுத்த எட்டாகிவிட்டது.

1976-ல் ஆட்சிமொழி விதிகள் வந்தபோது, இவை இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக என்று முதல் விதியிலேயே போட்டுவிட்டார்கள். ஒருமுறை சூடு கண்ட எழுத்தர்.

இவ்வளவையும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் சுருக்கிச் சொன்னேன். மடியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையை அணைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ டெல்லிக்காரங்க இங்கிலீசுலயும் எழுதுவாங்க, இந்தியிலயும் எழுதுவாங்க" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"ரெண்டுல எதுல வந்தாலும் படிச்சுச் சொல்ல நான் கீழ அரூர் போவணும். பஸ்ஸு வரலாம்னு இவரு சொல்றாரு."

மூன்றரைக்கு பஸ் வந்தது. மூன்று டீ, இரண்டு பன்னுக்கு நான் காசு கொடுக்க வேண்டும். ஜிபேயைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது. மலையில் சிக்னல் இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு 500 ரூபாய்த் தாள். கடைக்காரர் கல்லாவைத் திறந்து காட்டினார், சில்லறை இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அண்ணே, அடுத்த வாரம் வர்றேன். அப்போ தரலாமா?"

"அதுக்கென்ன சார், தரலாம்" என்று சிரித்துக்கொண்டே, சுவரில் கயிற்றில் தொங்கிய நோட்டை இழுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் பெயரைக் கேட்டு எழுதினார். பஸ் படியில் கால் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பெயருக்கு நேரே தொகையும், அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் இருந்தன.

தரணும்.